கொல்கி அனுப்பிய பாகற்காய்

"ஐயோ டிலோஜினி, அந்தப் பாசலை ஆருக்குக் குடுத்தனீங்கள்?"

பிறின்சி ரீச்சர் மாணவியைப் பிடித்துக் கேட்டாள். ஆசிரியர் அறையில், பாடம் பார்க்க வந்த ஆலோசகர் சுபத்திராவின் முன்னால் குரக்கன் பிட்டும் பாகற்காய்க் கறியும் விரிந்து கிடந்தன. அது சீனி வருத்தக்காரரான அதிபர் செல்வராசாவுக்கு அவர் மனைவி பத்தியமென்று கட்டிக் கொடுத்தது. ஆலோசகருக்கென்று பிறின்சி விடிய எழும்பிச் சமைத்த றால் பொரியலும் சோறும் எங்கே?

எல்லாம் இந்தக் கொல்கி உபகரணத்தால் வந்த வினை. உயிர்க்கலத்துக்குள் புரதங்களை வாங்கி, சீர்செய்து, சீனி ஒட்டி, எது எங்கே போகவேண்டும் என்று பிரித்து அனுப்புகிற அடுக்குப் பைகள் அவை. அதைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த வகுப்பில் நான்கு மேசைகளை அடுக்கினாள் பிறின்சி. மதியச் சாப்பாட்டுப் பாசல்கள்தான் புரதங்கள். முதல் மேசை வாங்கும். அடுத்தது மிச்ச நூலை வெட்டும். மூன்றாவது ஒரு டொபி ஒட்டும். டிலோஜினி நிற்கிற கடைசி மேசை, பாசலில் குத்தியிருக்கிற பெயர்த்துண்டைப் பார்த்து ஆளிடம் அனுப்பும். பழுதானது மதிலுக்கு வெளியே நிற்கிற கழுதைக்கு. கழுதைதான் இலைசோசோம், கலத்தில் பழுதானதைச் செரித்துவிடுகிற பை.

ஆலோசகர் பாடம் நல்லதென்று சொன்னால்தான் இடமாற்றத்துக்குக் கையெழுத்து வைப்பேன் என்று அதிபர் சொல்லியிருந்தார். உப்புக்குளத்திலிருந்து இந்தக் கரையோரப் பள்ளிக்கூடத்துக்கு விடிய பஸ் ஏறி, இருட்ட வீட்டில் இறங்குகிற பெண்ணுக்கு வேறென்ன வேண்டும்? "என்ர பாசலையும் எடுங்கோ, பிள்ளையள் படிக்கட்டும்" என்று காலையில் வலிய வந்து கொடுத்தவரும் அதே அதிபர்தான். மனுசனுக்கு என்றுமில்லாத அக்கறை!

"ஓடு டிலோஜினி! கொல்கியில பிழையாப் போனதைத் திருப்பி எடுக்கிற வழியும் இருக்கு. அதிபர் சேரிட்டைப் போய் றால் பாசலை வாங்கிக்கொண்டு வா."

போனவள் வெறுங்கையோடு வந்தாள். "சேர் கதவைப் பூட்டிப்போட்டார் ரீச்சர். தட்டத் தட்டத் திறக்கிறார் இல்லை."

"அப்ப என்ர சாப்பாட்டையாவது எடுத்துக்கொண்டு வா."

"அது கட்டவிழ்ந்து கிடந்தது ரீச்சர். பழுதெண்டு இலைசோசோமுக்குக் குடுத்திட்டம்."

ஜன்னலுக்கு வெளியே இலைசோசோம் வாலை ஆட்டி ஆட்டித் தின்றுகொண்டிருந்தது.

 பிறின்சி மூன்றாம் மேசையில் மிஞ்சிய டொபிகளை அள்ளிக்கொண்டு போய் ஆலோசகரிடம் நீட்டினாள். "மிஸ், கசப்புக்கு..."

சுபத்திரா டொபியைப் பார்த்தார், பாகற்காயைப் பார்த்தார். "என்ன பிறின்சி, நக்கலா? கலம் இப்பிடிப் பிழையா அனுப்பினா வருத்தம்தான் வரும். எனக்கு இப்பவே வந்திட்டுது. அடுத்த தவணை திரும்பச் செய்து காட்டுங்கோ."

ஆலோசகர் ஏறிய வான் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. இடமாற்றமும் அதோடு போனது.

"என்ர வாழ்க்கையையே நாசமாக்கிப் போட்டியளே!"

"சத்தியமா ரீச்சர், துண்டில கிடந்த பேருக்குத்தான் அனுப்பினனாங்கள்," என்றாள் டிலோஜினி. அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

பிறின்சி மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். அப்போது பியோன் கிறகரி அவளுடைய இடமாற்ற விண்ணப்பத்தோடு வாசலில் வந்து நின்றான்.

"அழாதேங்கோ ரீச்சர், சேர் கையெழுத்து வைச்சிட்டார். காலமை பாசல்களின்ர பேர்த்துண்டு ரெண்டையும் மாத்திக் குத்தினது தான்தானெண்டு அவற்ற வீட்டில மட்டும் சொல்லிப்போடாதேங்கோவாம்."