எல்போவுக்கு வைத்தியம்

பல் டாக்டர் தன் பாய்மரப் படகின் வயிற்றுக்குள் தலைகீழாகக் கிடந்தார். நாலு மணிக்கு மாமனார் வருகிறார். காற்றோ சுத்தமாக இல்லை; இலைகூட அசையவில்லை. இன்ஜினைத்தான் நம்ப வேண்டும். அதுவோ புகையைக் கக்கியதே தவிர, புகையோடு வெளியே வரவேண்டிய கடல் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது.

மாமனார் லேசுப்பட்டவர் அல்ல. கப்பல் கம்பெனியில் முப்பது வருஷம் இன்ஜினியர். கல்யாணத்தன்றே, "பல்லைப் பிடுங்கறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டவர். அவரைக் கடலில் ஒரு சுற்று கூட்டிப்போய் மதிப்பு வாங்கிவிட வேண்டும் என்றுதான் டாக்டர் படகையே வாங்கினார். மூன்று முறை ஏற்பாடு செய்தார். மூன்று முறையும் கடைசி நேரத்தில் ஏதாவது கெட்டுப்போனது.

வெட்கத்தை விட்டு, வழக்கம்போல அவருக்கே போன் போட்டார்.

"எல்போல உப்பு அடைச்சிருக்கும் மாப்பிள்ளை. கழட்டிச் சுரண்டுங்க. நல்லா ஆழமா!"

எல்போ என்பது புகையும் கடல் தண்ணீரும் ஒன்றுசேரும் இரும்பு வளைவு. டாக்டர் பல் காரை எடுக்கும் கொக்கியால் சுரண்டினார். உப்பு வந்தது, துரு வந்தது, கடைசியில் வெளிச்சம் வந்தது.

"மாமா, ஓட்டை விழுந்துடுச்சு."

"அதனால என்ன? நீங்க அடைக்காத ஓட்டையா?"

தன் தொழிலை மாமனார் மதித்துப் பேசுவது இதுதான் முதல் தடவை. டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. சொத்தைப் பல்லுக்கு வைக்கும் சிமெண்டைக் குழைத்து அடைத்து, எல்போவைத் திரும்ப மாட்டினார்.

"போல்ட்டை இன்னும் ரெண்டு சுத்து இறுக்குங்க."

"டைட்டா இருக்கு மாமா."

"கப்பல்ல நாங்க அதுக்கப்புறம்தான் இறுக்கவே ஆரம்பிப்போம்!"

போல்ட்டின் தலை கையோடு வந்தது.

"சரி, கம்பியால கட்டுங்க. இப்போ இன்ஜினை ஓட்டாம, கடல் தண்ணி போற குழாய்ல ஹோஸைச் சொருகி நல்ல தண்ணி விடுங்க. அரை மணி நேரம். மிச்ச உப்பும் கரைஞ்சிடும்."

அரை மணி கழித்து டாக்டர் சாவியைத் திருப்பினார். 'டொக்' என்றது. அதோடு சரி.

பக்கத்துப் படகு மெக்கானிக் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "ஓடாத இன்ஜினுக்குத் தண்ணி விட்டா, வெளிய போக வழியில்லாம இன்ஜினுக்குள்ளயே இறங்கிடும் சார். எவன் சொன்னான்?"

"என் மாமனார். கப்பல் இன்ஜினியர்."

"இன்ஜினியரா? இது முதல் நாள் பாடமாச்சே!"

"வயசாச்சு, மறந்திருப்பார்" என்றார் டாக்டர், விட்டுக்கொடுக்காமல்.

நாலு மணிக்கு மாமனார் வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து இறங்கினார். பின்னாலேயே மாமியார். கிரீஸ் அப்பிய முகத்தோடு டாக்டர் கைகூப்பினார்.

"மன்னிச்சிடுங்க மாமா. நாலாவது தடவையும் என்னால முடியல."

"பரவாயில்லை மாப்பிள்ளை. கடல் எல்லாருக்கும் வசப்படாது" என்று முதுகில் தட்டிவிட்டு, மாமனார் விசிலடித்தபடி காரைப் பார்த்து நடந்தார். டாக்டருக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது.

மாமியார் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நல்லவேளை கிளம்பல மாப்பிள்ளை! முப்பது வருஷமும் கரையில ஒர்க்‌ஷாப்லயே இருந்துட்டவர், படகுல கால் வெச்சாலே மயக்கம் போட்டுடுவார். 'இந்தத் தடவையும் எப்படியாவது கெடுத்துடறேன் பாரு'ன்னு காலையிலேர்ந்து போனைக் கீழ வைக்கவே இல்லையே!"