வழுக்கும் கரை

செந்நிற ஆறு ஒன்று ஓயாமல் சுற்றிச் சுற்றி ஓடும் நாடு அது. அங்கே காவலர்களுக்குக் குதிரையும் கிடையாது, படகும் கிடையாது. கரைச்சுவரை உரசியபடி வெள்ளத்தோடு உருண்டு போவதுதான் ரோந்து. ஓர் ஊருக்குள் கேடு புகுந்தால் மக்கள் சுவர்த் துளைகளின் வழியே கை நீட்டுவார்கள். காவலன் அந்தக் கையைப் பற்றி நின்று, உடம்பைக் குறுக்கிச் சுவரிடுக்கில் நுழைந்து உள்ளே போவான். கை இல்லாவிட்டால் வெள்ளம் நிற்க விடாது.

காவலன் நள்ளியின் தங்கை எயினி, வளைகரை என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

ஒருநாள் பேரமைச்சர் பொற்படகில் உலா வந்தார். நீட்டிய கைகளைக் கண்டு முகம் சுளித்தார்.

"பிச்சைக்கார நாடு என்றல்லவா அயலார் எண்ணுவர்! இனி எவரும் கை நீட்டலாகாது. கரை முழுவதும் நெய் பூசி மெருகேற்றுக!"

"அப்ப நாங்க எதப் புடிச்சு நிக்கிறது சாமி?" என்று நள்ளி வாய்தவறிக் கேட்டுவிட்டான்.

"நிற்பானேன்? காவலர் நிற்காத ஊர் அமைதியான ஊர். அவ்வாறே பறைசாற்றியாயிற்று."

கரை பளபளத்தது. அயலார் வாயாரப் புகழ்ந்தார்கள். அமைதியான ஊர்கள் மளமளவென்று பெருகின. காவலர்களின் நகம் பட்டு மெருகு கெடுகிறதென்று அடுத்த ஆணை வந்தது. எல்லார் கைக்கும் பட்டுறை மாட்டினார்கள்.

வளைகரையைக் கடக்கையில் சுவருக்குப் பின்னாலிருந்து எயினியின் குரல் கேட்டது.

"அண்ணா, ஊருக்குள்ள என்னமோ மேயுது! சீக்கிரம் வா!"

நள்ளி சுவரில் மோதினான். பட்டுறை வழுக்கியது. "பயப்படாதடி, அடுத்த சுத்துல வந்துடறேன்!" என்று கத்திக்கொண்டே அடித்துச் செல்லப்பட்டான். அடுத்த சுற்றில் அவள் குரல் தேய்ந்திருந்தது. அதற்கடுத்த சுற்றில் எதுவோ மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகொரு நாள், வளைகரைத் துளையிலிருந்து ஒரு கை நீண்டது. நள்ளி பட்டுறையைக் கிழித்தெறிந்து அதைத் தாவிப் பிடித்தான்.

"எயினி! நான்தான்டி, வந்துட்டேன்!"

கை அவனை இறுகப் பற்றிக்கொண்டது. அதில் சூடில்லை. விரல்கள் ஐந்துக்கும் அதிகமாக இருந்தன. உதறிப் பார்த்தான், அது விடவில்லை.

சுவரிடுக்குக்குள் இழுபடும்போது திரும்பிப் பார்த்தான். கரை நெடுக, ஊர் ஊராக, அதே போன்ற கைகள் துளைகளில் முளைத்து மெதுவாக அசைந்துகொண்டிருந்தன. நட்டாற்றில் பேரமைச்சர் மகிழ்ந்துபோய் எழுந்து நின்றார்.

"பாருங்கள், மக்கள் நம்மை வாழ்த்துகிறார்கள்! படகைக் கரையோரம் விடுங்கள், கைகுலுக்கிவிட்டு வருவோம்."