செவலைக்குப் போட்ட விருந்துச் சோறு

கூச்சப்படுகிறவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. தப்பு. நாலு வார்த்தை விளக்கம் சொல்லக் கூச்சப்பட்டே ஒரு வார்த்தையில் பொய்யைச் சொல்லி முடித்துவிடுவோம். இதை என்னைவிட அறிந்தவர் கிடையாது.

தொண்ணூறுகளில் ஒரு சித்திரை. காங்கேயம் பக்கம் எங்கள் கொறங்காட்டில் (வேலி போட்டு மாடு மேய விடுகிற மானாவாரி நிலம்) புல் சருகாகிவிட்டது. நாளெல்லாம் மேய்ந்தும் எங்கள் செவலைப் பசு பாலைக் குறைத்துக்கொண்டே வந்தது.

"மேச்சலோட சாயங்காலம் ரெண்டு படி தவிடும் புண்ணாக்கும் வெய்யி. அதுக்கு மேல வேண்டாம். சோறு மட்டும் ஆகவே ஆகாது" என்று என் வீட்டுக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அந்த வாரம் பங்காளி வீட்டில் காதுகுத்து. ஓர் அண்டாவுக்கு மேலேயே சோறு மீந்துவிட்டது. செவலை இதைத் தின்றால் நாளைக்கே பால் போசி நிரம்பும் என்று கணக்குப் போட்டேன். (ஐந்தாவது வரை படித்தவள் கணக்கு வேறெப்படி இருக்கும்!) அவர் சந்தைக்குப் போன நேரம் பார்த்துக் கொண்டுபோய்க் கொட்டினேன். செவலை ஒரு பருக்கை விடவில்லை. அதோடு நின்றேனா? இன்னும் ஓர் அன்னக்கூடை கொண்டுவந்தேன்.

மறுநாள் காலையில் மாடு எழவில்லை. வயிறு மத்தளம் மாதிரி உப்பி, கண் செருகிக் கிடந்தது. கன்று போட்டு இரண்டு மாதம்தான். வீட்டுக்காரர் மொபெட்டில் போய் மாட்டு டாக்டரைக் கூட்டிவந்தார். அக்கம்பக்கமே கூடிவிட்டது.

"நேத்து என்னம்மா தின்னுச்சு?" என்றார் டாக்டர்.

இருபது பேர் என் வாயையே பார்க்கிறார்கள். "புல்லுங்க" என்றேன்.

"புல்லு தின்னு இப்படி ஆகாதே! யாராச்சும் மருந்து கிருந்து வெச்சிருப்பாங்களா?"

என் வீட்டுக்காரருக்கு அது போதும். பக்கத்துக் காட்டுக்காரரோடு ஏற்கெனவே வேலித் தகராறு. "அவந்தானுங்க வெச்சுப்போட்டான்! இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துப்போடறேன்!" என்று தடியை எடுத்துக்கொண்டு வேலியை நோக்கி நடந்தார். இங்கே டாக்டர் விஷமுறிவு மருந்தை ஊசியில் ஏற்றுகிறார். இன்னும் ஒரு நிமிடம் போனால் மாடும் போகும், மானமும் போகும்.

"சோறுங்க!" என்று கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து நான் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் அத்தனை சத்தம் வராது. "ஒரு அண்டா சோறுங்க! அப்பறம் ஒரு அன்னக்கூடையுங்க! நாந்தானுங்க போட்டேன்!"

தடியோடு போனவர் அப்படியே நின்றார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்துக் காட்டுக்காரர், "கொழம்பு ஊத்துனீங்களா அம்மணி?" என்று கேட்டார்.

டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, ஆப்பசோடாவைக் கரைத்து ஊற்றினார். மூன்றாம் நாள்தான் செவலை எழுந்து நின்றது. எனக்குத் தலை நிமிர இன்னும் பல நாள் ஆனது.

போன மாதம் சர்க்கரை டாக்டரிடம் போனோம். "நேத்து என்ன சாப்ட்டீங்க?" என்று அவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள் முந்திக்கொண்டாள்.

"அவங்களக் கேக்காதீங்க டாக்டர். மாட்டு டாக்டருகிட்டயே பொய் சொன்னவங்க. ரெண்டு மைசூர்பாகு தின்னாங்க."

நான் மறுக்கவில்லை. (மூன்று.)