சோடா போட்ட மாப்பிள்ளை

டெல்டாப் பக்கம் பெண் எடுத்தவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு. வெளியில் சொன்னால் அடிக்க வருவார்கள், அதனால் யாரும் சொல்வதில்லை. மரியாதைதான் அந்தக் கஷ்டம். மாமனார் வீட்டில் நான் உட்கார்ந்தால் டேபிள் ஃபேன் என் பக்கம் திரும்பும். எழுந்தால் "என்ன வேணும் மாப்ள?" என்று இருக்கிற அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள். (பாத்ரூம் போகிறேன் என்பதைக் கூட்டத்தில் அறிவிக்க வேண்டியிருக்கும்.) கல்யாணமாகி முதல் ஆறு வருஷத்தில் கீழ்வேளூர் பக்கத்து அந்த வீட்டில் நான் தூக்கிய அதிகபட்ச எடை ஒரு காபி டம்ளர். அதையும் குடித்து முடித்த கையோடு பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

நான் சென்னையில் ஏசி அறையில் கம்ப்யூட்டர் தட்டுகிறவன்தான். அதற்காக ஒன்றுக்கும் உதவாதவனா? குறுவைக்கு எல்லோரும் ஓடி ஓடி வேலை பார்க்கும்போது, "நானும் ஏதாவது செய்றேனே மாமா" என்று மண்வெட்டியைத் தொட்டால் போதும், மாமனார் பதறிவிடுவார். "ஐயையோ, நீங்க வைங்க மாப்ள! தேனு, மாப்பிள்ளைக்கு மோர் குடும்மா." தேனு என்கிற தேன்மொழி என் மனைவி. மோரைக் கொடுத்துவிட்டு, "சும்மா உக்காருங்களேன்" என்று பல்லைக் கடிப்பாள்.

ஒரே ஒரு முறை ஒரு வேலையைக் கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். அந்த வீடு அதை இன்னும் மறக்கவில்லை.

மாமாவிடம் ஒரு பழைய பைக் உண்டு. அவர் கல்யாணத்துக்குச் சற்று முன்னால் வாங்கியது. தாலி கட்டி முடிந்ததும் மனைவியைப் பின்னால் உட்கார வைத்து ஊரைச் சுற்றி வீட்டுக்கு வருவதாகத் திட்டம். ஆனால் பெரியவர்கள் விடவில்லை. பொண்ணைக் காரில் திணித்து, மேலே சில சித்திகளையும் திணித்து அனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக பைக்கில் வந்தார், பின் சீட்டில் சமையல்காரர்! அத்தை இதை வருஷம் தவறாமல் சொல்லிக் காட்டுவார். மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் என்று முடிவானதும் அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"இந்தத் தடவை மண்டபத்துலேருந்து கோயில் வாசல் வரைக்கும் நான் வண்டியிலதான் வருவேன். ஆனா இந்தக் கலர்ல ஏற மாட்டேன்."

கலர் விஷயம் என்னவென்றால், மாட்டுப் பொங்கலுக்கு மாமா மாட்டுக் கொம்புக்கு பெயிண்ட் அடிப்பார். மிச்சத்தை பைக் இன்ஜினுக்கு அடிப்பார். "அதுவும் நமக்காக உழைக்குதுல்ல?" என்பார். ஒரு வருஷம் நீலம், ஒரு வருஷம் சிவப்பு, இடையில் ஒரு மஞ்சள். முப்பது பொங்கல் பார்த்த இன்ஜின் அது. உள்ளே அலுமினியம் என்று ஒன்று இருப்பதையே எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

"அந்தப் பெயிண்ட்டை நான் எடுக்கிறேன்" என்றேன். "உங்களுக்கு எதுக்கு மாப்ள சிரமம்..." என்று மாமா இழுத்தார். நான் விடவில்லை. விசேஷத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. கடைசியில், மெக்கானிக்கை வைத்து இன்ஜினின் இரண்டு பக்க மூடிகளையும் கழற்றி, குழந்தையைக் கொடுப்பது மாதிரி என் கையில் கொடுத்தார்.

எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியாது. (இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.) சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மச்சினன் செந்திலிடம் கேட்டேன். "சோடா போட்டு வேக வைங்க அத்தான், தானா உரிஞ்சு வந்துடும்" என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னணியில் ஏதோ மிஷின் சத்தம். அதற்குப் பிறகு ஆளைப் பிடிக்க முடியவில்லை.

கடைத்தெருவுக்குப் போய், "சோடா குடுங்க" என்றேன்.

"என்ன சோடா சார்? கோலி சோடாவா, ஆப்ப சோடாவா, சலவை சோடாவா?"

சோடாவில் இத்தனை ஜாதி உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரியும். தெரியாது என்று சொன்னால் மாப்பிள்ளை கௌரவம் என்னாவது? "இன்ஜின்ல பெயிண்ட் எடுக்கிற சோடா" என்றேன். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "அப்ப காஸ்டிக் சோடாவாத்தான் இருக்கும். ஆனா ரொம்ப ஸ்ட்ராங்கு சார்."

"ஸ்ட்ராங்காவே குடுங்க" என்றேன், டீக்கடையில் சொல்வதைப் போல.

(செந்தில் சொன்னது ஆப்ப சோடாவாம். ஆப்பம்!)

ஜாக்கிரதையில் மட்டும் நான் குறை வைக்கவில்லை. ரெயின்கோட் போட்டுக்கொண்டேன். தலையில் ஹெல்மெட். இரண்டு கையிலும் துணிக்கடை கவரை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டேன். சித்திரை வெயிலில் கொல்லைப்பக்கம் நான் இந்தக் கோலத்தில் வந்ததும் லட்சுமி என்கிற பசு கயிற்றை அறுக்கப் பார்த்தது. ஒரு பழைய அலுமினிய அண்டாவில் தண்ணீர் ஊற்றி, மூடிகளைப் போட்டு, சோடாவை மொத்தமாகக் கொட்டினேன்.

ஆகா! பொங்கியது பாருங்கள் ஒரு பொங்கல்! அடுப்பே வைக்கவில்லை, அண்டா தானாகக் கொதிக்கிறது! நீலமும் சிவப்புமாகப் பெயிண்ட் உரிந்து மேலே வருகிறது. எனக்கு ஒரே பெருமை. "தேனு, இங்க வந்து பாரேன்! அடுப்புகூட வேணாம்!" என்று கத்தினேன். தேனு எட்டிப் பார்த்து, "ஏங்க, அது ஏன் புகையுது?" என்றாள். "அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து அத்தை சாப்பிடக் கூப்பிட்டார். பத்து நிமிஷம்தானே, ஊறட்டும் என்று கையைக் கழுவிவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

டெல்டாவில் மாப்பிள்ளை இலைக்கு முன் உட்காருவது என்பது போலீஸ் ஸ்டேஷனில் உட்காருவது மாதிரி. அவர்களாகப் போகச் சொன்னால்தான் எழ முடியும். விரால் குழம்பு வந்தது. நண்டு வந்தது. "ஒண்ணுமே சாப்பிடலயே மாப்ள" என்று கோழி வந்தது. போதும் என்று இலையை மறைத்தால் புறங்கையில் ஊற்றினார்கள். "பின்னாடி கொஞ்சம் வேலை..." என்று எழப் பார்த்தேன். மாமா என் தோளை அமுக்கி, "வேலை கெடக்குது, ரசம் ஊத்திக்கங்க" என்றார். ரசம், தயிர், பாயாசம், அதற்கு மேல் வாழைப்பழம். ஒருவழியாக எழுந்தபோது கண் சொக்கியது. கட்டில் தயாராக இருந்தது. சும்மா சாய்ந்தேன்.

"அப்பா! இங்க வாங்களேன்!" என்று தேனு அலறியதில்தான் விழித்தேன்.

கொல்லையில் அண்டா நின்றது, ஆனால் அதற்கு அடிப்பக்கம் இல்லை. கறுப்புத் தண்ணீர் வாழைமரம் வரைக்கும் ஓடியிருந்தது. பெயிண்ட் எல்லாம் பத்திரமாகத் தரையில் கிடந்தது, ஒரு பொங்கல்கூடக் குறையாமல். மூடிகள்தான் உரிந்துபோயிருந்தன. ஒன்று கரி பிடித்த வடைச்சட்டி மாதிரி. இன்னொன்று, இன்ஜின் ஆயிலைத் தாங்கவேண்டிய மூடி, அப்பளத்துக்கு ஓட்டை போட்ட மாதிரி. தேனு நல்ல தண்ணீரைக் கொட்டிக் கொட்டி அலசி எடுத்தாள். மாமா அதைத் தூக்கிப் பிடித்தார். ஓட்டை வழியாக அவர் கண் தெரிந்தது.

என்னைத் திட்டப்போகிறார் என்று தயாராக நின்றேன். திட்ட வேண்டும் என்று எனக்கே ஆசையாக இருந்தது. ஓட்டை மூடியோடு வண்டி ஓடாது. பழைய மாடல், நாளைக்குள் வேறு மூடி கிடைக்காது. அத்தை இத்தனை வருஷம் காத்திருந்த சவாரி என்னால் போச்சு.

"பரவால்ல மாப்ள," என்றார் மாமா. குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. "பழைய சாமான்தானே. நீங்க போயி ரெஸ்ட் எடுங்க."

பிறகு தேனுவைத் திட்டினார். "நீ பாத்துக்கக்கூடாதா?" பக்கத்தில் வந்த கோழியைத் திட்டினார். அத்தை ஓடிவந்து, "மாப்பிள்ளைக்குக் கையில ஒண்ணும் படலயே? மொகமெல்லாம் வேர்த்துப் போச்சே! யாராவது ஒரு சோடா வாங்கிட்டு வாங்களேன்" என்றார்.

யாரோ நிஜமாகவே வாங்கி வந்தார்கள். குடித்தேன். வேறென்ன செய்ய?

சாயங்காலம் மாட்டுக்கொட்டகையில் மாமாவின் குரல் கேட்டது. லட்சுமிக்கு முன்னால் நின்று, "மூளைன்னு ஒண்ணு இருந்தா இப்படிப் பண்ணுவியாடா? சோறுதானேடா திங்கிற? எருமை! எருமை!" என்று வெடித்துக்கொண்டிருந்தார். லட்சுமி பசு. அதுவும் மூன்று கன்று போட்ட பசு. அதை யாரும் அதுவரை 'டா' போட்டுத் திட்டியதில்லை. பாவம், எனக்குச் சேரவேண்டியதை அது வாங்கிக்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் நின்று முழுவதையும் கேட்டேன். அழுகையே வந்துவிட்டது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அத்தைதான் குழம்புக் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏங்க, வண்டி ஓடாதுன்னா என்ன, உருளுமுல்ல?"

"உருளும். யாரு தள்ளுறது?"

"நான் தள்றேன்" என்றேன்.

"ஐயையோ, நீங்களா மாப்ள..." என்று மாமா ஆரம்பித்தார்.

"அவரே தள்ளட்டும்" என்றார் அத்தை. கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் உத்தரவு.

மூடிகளை அப்படியே மாட்டி, ஓட்டை தெரியாமல் செவ்வந்திச் சரம் சுற்றினோம். குட்டியானை வேனில் வண்டியை ஏற்றி திருக்கடையூர் கொண்டுபோனோம். விசேஷத்தன்று காலையில் மண்டப வாசலில் மாமா பட்டு வேட்டியோடு ஹேண்டிலைப் பிடித்தார். அத்தை பின்னால் ஏறி அவர் தோளில் கை வைத்தார். பார்க்கவே அவ்வளவு நன்றாக இருந்தது. நாதஸ்வரம் கிளம்பியது. நானும் வேட்டியை மடித்துக் கட்டித் தள்ளினேன்.

முதலில் மெதுவாகத்தான் போனது. தவில்காரர் வேகம் கூட்ட, எனக்கும் வேகம் கூடிவிட்டது. தெரு நிறைய அறுபதும் எழுபதுமாகத் தம்பதிகள். குனிந்து தள்ளியதில் எனக்கு அத்தையின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வண்டி பூக்கடையைப் பார்த்துத் திரும்பியது. மாமா பிரேக்கை மிதித்தார். அது எந்தக் காலத்தில் பிடித்தது?

"டேய்! டேய்! நேரா தள்ளுடா! கண்ணு பொடனியிலயா இருக்கு? மூடியச் சோடால போட்டது பத்தாதுன்னு எங்களை ரோட்டுல போடப் போறியாடா?"

வண்டி பூக்கடை வாசலில் முட்டாமல் நின்றது. நாதஸ்வரமும் நின்றது. தேனு வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா முகம் வெளுத்துப்போய்த் திரும்பினார். "மாப்ள... தெரியாம... மன்னிச்சுக்கங்க..."

"இன்னும் கொஞ்சம் திட்டுங்க மாமா" என்றேன். சத்தியமாக மனசிலிருந்துதான் சொன்னேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் ஆறு வருஷம் அடைத்து வைத்த மடை திறந்தது. "நீ வந்து என் சாய்வு நாற்காலியில உக்காந்தா எந்திரிக்கிறியாடா? நான் நெல்லு மூட்டை மேல உக்காந்திருக்கேன்! ஃபேனை உன் பக்கமே திருப்பி வச்சா எனக்கு வேர்க்காதா? கிளம்புறேன் கிளம்புறேன்னு நாலு நாள் இருக்க!" கோயில் வாசல் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார். நான் சிரித்துக்கொண்டே தள்ளினேன். அத்தை சிரித்த சிரிப்பில் தலையில் வைத்த மல்லிகை நழுவியது. எதிரில் வந்த ஒரு எண்பதாம் கல்யாணத் தாத்தா, "வண்டி என்னப்பா மைலேஜ் குடுக்குது?" என்று கேட்டார்.

"பெட்ரோல் இல்லீங்க," என்றார் அத்தை. "இது மாப்பிள்ளையில ஓடுது."

இன்றுவரை அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தை இந்தக் கதையைச் சொல்லாமல் காபி கொடுப்பதில்லை. மாமாவின் 'ங்க' திருக்கடையூரிலேயே தங்கிவிட்டது. இப்போது நான் போய் இறங்கினால், "வந்துட்டியா? வாய்க்கால்ல அடைப்பு, போயி எடு" என்பார். ஃபேன் நடுவில் சுற்றுகிறது.

வண்டிக்குச் செந்தில் எங்கேயோ தேடி நல்ல மூடிகளை வாங்கி அனுப்பினான். பளபளவென்று வெள்ளி மாதிரி. போன மாட்டுப் பொங்கலுக்கு மாமா லட்சுமியின் கொம்புக்கு நீலம் அடித்துவிட்டு, டப்பாவில் மிச்சத்தோடு வண்டி முன்னால் போய் நின்றார். அத்தை முறைத்தார். மாமா பிரஷ்ஷோடு அப்படியே திரும்பி வந்து, என் நெற்றியில் ஒரே இழுப்பு இழுத்தார்.

"வண்டி இழுத்தவன்ல" என்றார்.

"ஐயோ, எனாமல் பெயிண்ட்! இது எப்படிங்க போகும்?" என்று தேனு பதறினாள்.

வீடே ஒரே குரலில் சொன்னது: "சோடா போடு!"

நான் போடவில்லை. மறுநாள் நீல நெற்றியோடுதான் சென்னைக்கு ரயில் ஏறினேன்.