கல்லறை வாசலில் பிடித்த பிரேக்

எங்கள் குடும்பத்தில் யாரும் சகுனம் பார்ப்பதில்லை. பூனை குறுக்கே போனால் பூனைக்கு வழி விடுவோம், அவ்வளவுதான். இதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். (பள்ளிக்கூடத்தில் பௌதிகம் வேறு நடத்திக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டுமா?) அந்தப் பெருமையால்தான் என் தங்கை எஸ்தரின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

அறுபதுகளின் கடைசி. சேலையூரில் எங்கள் வீடு. ஊர் திரும்பிய வெள்ளைக்கார ஆசிரியர் ஒருவர் தன் சின்னக் காரை எனக்கு விற்றுவிட்டுப் போயிருந்தார். அதன் பின்கதவை மேலே தூக்கித் திறக்கலாம். எஸ்தருக்கு நிச்சயமானதும், "பொண்ணு என் கார்லதான் கோயிலுக்கு வரணும்" என்று சொல்லிவிட்டேன். பிரேக் கொஞ்சம் மந்தம். டிஸ்க் பிரேக்காக மாற்றிவிடலாம் என்று மெக்கானிக் காதர் பாயோடு புதுப்பேட்டைக்குப் போனேன்.

பழைய சாமான் கடையில் இரண்டு ஜோடி டிஸ்க் இருந்தன. ஒன்று துருப்பிடித்தது. இன்னொன்று முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது.

"இது எந்த வண்டியோடது?"

"வெளிநாட்டு வண்டி சார். வண்டி நொறுங்கிப் போயிடுச்சு. இது ரெண்டு மட்டும் ஒரு கீறல் இல்லாம கீது" என்றார் கடைக்காரர்.

"ஓட்டினவர்?"

அவர் டிஸ்க்கைத் துணியால் துடைத்தார். குனிந்து பார்த்தேன். என் முகம் தெரிந்தது. தோளுக்குப் பின்னால் இன்னொரு முகமும் தெரிந்தது. காதர் பாய் என்று நினைத்துத் திரும்பினால், அவர் தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். வளைந்த பரப்பில் பிம்பம் இரண்டாகத் தெரியும் என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன். டிஸ்க் தட்டை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

காதர் பாய் துருப்பிடித்ததைத் தட்டிப் பார்த்தார். "இத்த லேத்துல கடைஞ்சு போட்டா ஜோரா இருக்கும் சார். அந்தப் பளபளா வேணாம், மனசு ஒப்பல. எத்தப் போட்டாலும் பிரேக் ஆயிலத் தள்ற மாஸ்டர் சிலிண்டரையும் மாத்தணும். இல்லாட்டி பிரேக் லேசா ஒரசிக்கினே இருக்கும்."

திரவ அழுத்தம் பற்றி அவருக்குக் கால் மணி நேரம் வகுப்பு எடுத்தேன். பளபளா ஜோடியையே வாங்கினேன். சிலிண்டரை மாற்றவில்லை.

பல்லாவரத்தில் எங்கள் கோயில். அதற்குப் போகும் வழியில்தான் கல்லறைத் தோட்டம். அடுத்த ஞாயிறு எஸ்தருக்கு முதல் ஓலை வாசிப்பு (கல்யாண அறிவிப்பைக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிப்பார்கள்). அம்மாவும் எஸ்தரும் பின்னால் இருக்க, ஓட்டிக்கொண்டு போனேன். கல்லறை வாசலுக்கு நேராக வந்ததும் சக்கரம் பிடித்துக்கொண்டது. நான் பிரேக்கைத் தொடவே இல்லை. இருபது நிமிஷம் கழித்துத் தானாக விட்டது.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறும் அதே வாசல், அதே இருபது நிமிஷம். மூன்றாம் ஞாயிறு நாங்கள் நின்றதும் காவல்காரர் துரைசாமி கேட்டைத் திறந்தே வைத்துக்கொண்டு, "இன்னா சார், இன்னிக்கும் வந்துட்டியா?" என்றார். வெகுநாளாக எதிர்பார்த்தவரைக் கேட்கிற குரல்.

"வேற கார் பாக்கலாமாப்பா?" என்றாள் அம்மா மெதுவாக.

"அம்மா, நாம சகுனம் பாக்கிறவங்களா?" என்று நான் ஆரம்பித்த பிரசங்கம் கோயில் வாசல் வரை ஓடியது. அன்று ராத்திரி கணக்குப் போட்டேன். உரசல், சூடு, பூட்டு. சேலையூரிலிருந்து ஆறாவது மைலில் பூட்டுகிறது. அங்கே கல்லறை இருப்பது தற்செயல். காதர் பாய் சொன்னதே சரி. புதுச் சிலிண்டர் வர ஒரு மாதமாகும் என்றார்கள். கல்யாணத்துக்கோ ஐந்தே நாள். அதனால் என்ன? குரோம்பேட்டை சித்தி வீட்டிலிருந்து பெண்ணை அழைத்துப் போனால் இரண்டே மைல். சூடேற நேரமே இருக்காது.

கல்யாணம் ஐந்தரைக்கு. கிறிஸ்தவக் கல்யாணத்தைச் சாயங்காலம் ஏழு மணிக்குள் முடித்தாக வேண்டும், அது சட்டம். ஏழு அடித்தால் எங்கள் பாதிரியார் ஐயர் வேதாகமத்தை மூடிவிடுவார். மாப்பிள்ளை வீட்டார் பாளையங்கோட்டைக்குத் திரும்ப ராத்திரி ரயில்.

அம்மா முன்னாலேயே கோயிலுக்குப் போய்விட்டாள். மார்கழி மழை விட்டிருந்தது. எஸ்தர் வெள்ளைப் பட்டும் முக்காடுமாகப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது மைல். கல்லறை வாசல். சக்கரம் பிடித்துக்கொண்டது.

இறங்கிச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

என் பௌதிகம் அந்த இடத்தில் முடிந்தது. இருபது நிமிஷம் காத்திருந்தோம், விடவில்லை. ஒரு மணி நேரமாயிற்று, விடவில்லை. சாலை வழியாக நடந்து சுற்றினால் ஒரு மைல், முழங்கால் அளவு மழைத் தண்ணீர். மணி ஆறு இருபது. இருட்டிக்கொண்டு வந்தது. துரைசாமி லாந்தரோடு வந்து நின்றார்.

"உள்ள பூந்து போனா அந்தாண்ட கோயிலு. ரெண்டு நிமிசம். வர்றியாம்மா?"

"வேண்டாம், கார் இப்ப விட்டுடும்" என்றேன்.

எஸ்தர் கதவைத் திறந்து இறங்கினாள். "நமக்குத்தான் சகுனமே கிடையாதேண்ணா. வா."

முன்னால் துரைசாமியின் லாந்தர், நடுவில் எஸ்தர், பின்னால் அவள் முக்காட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு நான். (துணி மண்ணில் புரளக் கூடாதே என்று பிடித்தேன். அப்படித்தான் இன்றுவரை சொல்லிவருகிறேன்.) ஈர இலைகளின் மேல் மூன்று பேர் காலடிச் சத்தம் கேட்டது. பாதி வழியில் எனக்குப் பின்னால் நாலாவதாகவும் ஒன்று கேட்டது. நான் திரும்பவில்லை.

கோயில் பக்கவாட்டு வராண்டாவில் மாப்பிள்ளை வீட்டாரும் பாடகர் குழுவும் நின்றிருந்தார்கள். கல்லறைகளுக்கு நடுவிலிருந்து ஒரு விளக்கும், விளக்குக்குப் பின்னால் வெள்ளையில் ஒரு பெண்ணும் வருவதைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை "இயேசுவே" என்று அலறிய அலறலில் வராண்டா காலியானது. பாடகர் குழு மொத்தமும் ஆலயத்துக்குள் பாய்ந்தது. மாப்பிள்ளை செல்வராஜ் மட்டும் அசையாமல் நின்றார். எஸ்தர் அவர் பக்கத்தில் போய் நின்று, "லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்குங்க" என்றாள்.

கையெழுத்துப் போட்டு முடிக்கும்போது மணி ஏழுக்கு ஐந்து நிமிஷம்.

மறுநாள் காதர் பாயோடு காரை எடுக்கப் போனேன். வாசலிலிருந்து பத்தடி தள்ளி நின்றிருந்தது. "நீங்க அந்தாண்ட போனதும் தானா உருண்டுச்சு சார்" என்றார் துரைசாமி. சக்கரம் சூடாகாமல் எப்படிப் பிடித்தது என்று காதர் பாயைக் கேட்டேன். அவர் ஸ்பானரைக் கையில் எடுத்துக்கொண்டு, "அந்த டிஸ்க்கக் கயட்டிடலாம் சார்" என்றார். கழற்றிவிட்டோம்.

வருஷா வருஷம் கல்யாண நாளன்று செல்வராஜ் ஆரம்பிப்பார்: "அத்தனை பேரும் ஓடினாங்க. நான் ஒருத்தன்தான் நின்னேன்."

எஸ்தர் விடமாட்டாள். "நிக்கலை. ஓடப் பாத்தார், கால் வரலை. பக்கத்துல போய்ப் பாத்தேனே, உதறிக்கிட்டிருந்தது. எங்க அண்ணன் கார் மாதிரியே பிடிச்சுக்கிச்சு."

எல்லோரும் சிரிப்போம். சிரித்து முடித்துக் கோயிலுக்குக் கிளம்புவோம். நாங்கள் சகுனம் பார்ப்பதில்லை. ஆனால் கல்லறை வாசல் பக்கம் சாலையில் பள்ளம் அதிகம் என்று சுற்று வழியில்தான் போவேன். எஸ்தரும் அதே வழிதான். அவள் பிள்ளைகளும் அதே வழிதான். அந்தச் சாலையைப் புதிதாகப் போட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது.