மோகனாவுக்கு ஒரு கார்டு

பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வருகிறவர்களை ஆறு மாதமாவது வீட்டில் சும்மா உட்கார வைக்க வேண்டும் என்பது என் கருத்து. சூடு ஆறுவதற்குள் வேலைக்கு விட்டால், நன்றாக நடந்துகொண்டிருக்கும் எதையாவது சீர்திருத்திவிடுவார்கள். நான் சீர்திருத்தினேன்.

தொண்ணூறுகளின் கடைசி. ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி குடோனுக்கு மேல்மாடியில் அந்த மையம் இருந்தது. போர்டில் 'நலவாழ்வு மையம்' என்று மட்டும் இருக்கும். படியேறி வருகிறவர்கள் அரவாணிகளும் (திருநங்கை என்ற சொல் அப்போது எங்கள் பக்கம் வந்து சேரவில்லை), ஆண்களை விரும்பும் ஆண்களும். டாக்டர் முகம் சுளிக்காமல் பார்க்க ஏற்பாடு செய்வது, ரேஷன் கார்டுக்கு மனு எழுதுவது, யாரையாவது போலீஸ் பிடித்துக்கொண்டு போனால் வக்கீலைக் கூட்டிக்கொண்டு ஓடுவது, எல்லாம் அங்கே நடக்கும். ஆனால் உண்மையான வேலை சனிக்கிழமை மதியம்தான். வாரம் பூராவும் தறியிலும் வயலிலும் வீட்டார் வைத்த பெயரோடு இருந்தவர்கள், அன்று இரண்டு மணி நேரம் தாங்கள் வைத்துக்கொண்ட பெயரோடு இருப்பார்கள். பூ வைத்து, மை தீட்டி, கேரம் ஆடி, கேரத்தில் சண்டை போட்டு, கடைசியில் தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்தைத் துடைத்துவிட்டு சாயங்கால பஸ்ஸுக்கு ஓடுவார்கள்.

மையத்தை நடத்தியவர் கனகா அக்கா. அவரும் அரவாணிதான். என்னைக் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர்த்துக்கொண்டார். (வீட்டில் 'கம்ப்யூட்டர் சென்டரில் வேலை' என்று சொல்லியிருந்தேன். பாதி உண்மை. கம்ப்யூட்டர் இருந்தது.)

அக்காவிடம் இரண்டு நோட்டுகள் உண்டு. பச்சை நோட்டில் மையத்துப் பெயர்கள், வரிசை எண்ணோடு. பழுப்பு நோட்டில் அதே எண்களுக்கு வீட்டு முகவரிகள். பச்சை மையத்து பீரோவில் இருக்கும். பழுப்பு அக்கா வீட்டில். யாருக்காவது உடம்புக்கோ உயிருக்கோ ஆபத்து என்றால்தான் பழுப்பு வெளியே வரும். ஒருநாள் ஏதோ அவசரத்துக்குக் கொண்டுவந்தவர் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

எனக்குக் கை துறுதுறுத்தது. ஒரே ஆளின் விவரம் இரண்டு நோட்டில், இரண்டு ஊர்மூலையில். எவ்வளவு பெரிய குளறுபடி! (அது குளறுபடி இல்லை, பூட்டு என்பது எனக்கு உறைக்கவே இல்லை.) ஒரே மதியத்தில் இரண்டையும் இணைத்து ஒரே பட்டியலாக்கினேன். பட்டியல் அவ்வளவு அழகாக இருந்தது, அதை வைத்து ஏதாவது செய்தே ஆக வேண்டும் போலிருந்தது. சனிக்கிழமைக் கூட்டத்துக்கு எல்லோருக்கும் வீட்டுக்கே அழைப்பு அனுப்பினால் என்ன?

அதுவும் தபால் கார்டில். மூடாத, ஒட்டாத, ஊரே படிக்கிற கார்டில்.

புது ஏற்பாடு எதையும் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அதனால் புதன்கிழமை எண் ஒன்றுக்கு மட்டும் ஒரு கார்டு அடித்துத் தபால்பெட்டியில் போட்டேன். வெள்ளிக்கிழமை காலை மீதிக் கார்டுகளை அடுக்கி, பாராட்டுக்காக அக்கா முன்னால் வைத்தேன்.

அக்கா மேல் கார்டைப் படித்தார். அதற்கடுத்ததைப் படித்தார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தன போயிருக்கு?"

"ஒண்ணே ஒண்ணுதான்க்கா. சோதனைக்கு."

"யாருக்கு?"

"எண் ஒண்ணு. கூமாப்பட்டி மோகனா."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். மோகனாவுக்கு வீட்டில் மாடசாமி என்று பெயர். பேண்டேஜ் தறி ஓட்டி வீட்டைக் காப்பாற்றும் ஒரே மகன். அவள் தங்கையைப் பெண் பார்க்க வருவது அன்றைக்குத்தான். கார்டு போய்ச் சேரப்போவதும் அன்றைக்குத்தான். தங்கை கல்யாணம் முறிவது ஒரு பக்கம். அதற்கப்புறம் மோகனா அந்த வாசற்படியை மிதிக்க முடியாது.

"நீங்களும் வாங்கக்கா" என்றேன்.

"ஏட்டி, நான் வந்து நின்னா கார்டு எதுக்கு? நானே போதும். நீ போ."

ஸ்ரீவில்லிபுத்தூர் போய், வத்திராயிருப்பு பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து கூமாப்பட்டிக்கு இன்னொன்று மாறினேன். போகிற வழியில் டிக்கெட்டின் பின்பக்கம் திட்டம் எழுதினேன். ஒன்று, தபால்காரரை வழியில் மடக்குவது. இரண்டு, முடியாவிட்டால் வாசலில் மடக்குவது. மூன்றுக்கு எதிரே கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தேன்.

மூன்றுதான் நடந்தது.

ஜமுக்காளத்தில் மாப்பிள்ளை வீட்டார் நாலைந்து பேர். காபித் தட்டோடு மோகனா, வேட்டி சட்டையில். நடுவில் தபால்காரர், கார்டை வெளிச்சத்தில் பிடித்துச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

"'அன்புள்ள மோகனா. சனிக்கிழமை மதியம் முக அலங்காரப் பயிற்சி உண்டு. அவசியம் வரவும்.' யாரும்மா இது மோகனா? ஒங்க வீட்டு நம்பர்தான் போட்டிருக்கு."

"அப்படி யாரும் இல்லையே" என்றார் மோகனாவின் அம்மா. மாப்பிள்ளையின் மாமா வாயிலிருந்த கேசரியை மெல்லுவதை நிறுத்தினார். நான் வாசலில் செருப்பை உதறிவிட்டு உள்ளே நுழைந்தேன்.

"நாந்தான் மோகனா" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"எந்தூரு தாயி?" என்றார் மாமா.

"ராஜபாளையம்."

"ராஜபாளையத்துப் புள்ளைக்கு லெட்டர் எதுக்கு கூமாப்பட்டிக்கு வருது?"

விழித்தேன். விழித்த வாக்கில் மோகனாவைப் பார்த்துத் தொலைத்தேன்.

மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். "அட, எதுக்குன்னு கேட்டா அது என்னத்தச் சொல்லும்? மாடசாமி, நீ அமுக்கமான ஆளுதான்லே."

அவ்வளவுதான். எனக்கு ஜமுக்காளத்தில் இடம் கிடைத்தது. கேசரி கிடைத்தது. பியூட்டி பார்லர் படிக்கிறாயா என்றார்கள், ஆமாம் என்றேன். அப்பா பெயர், தெரு, கதவு எண் கேட்டார்கள். இங்கேதான் என் படிப்பு மறுபடியும் காலை வாரிவிட்டது. விண்ணப்பப் படிவம் நிரப்பிய பழக்கத்தில் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டேன்.

தங்கையின் கல்யாணம் அன்றே பேசி முடிந்தது. மோகனா என்னைப் பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"ஒன்னக் கொல்லணும்" என்றாள்.

"ஆமா" என்றேன். "அந்தக் கார்டக் கிழிச்சிரு."

அவள் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்துப் பார்த்தாள். "என் பேர அச்சுல இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றாள். "செத்த நேரம் வச்சிருந்துட்டுக் கிழிக்கேன்."

மையத்துக்குத் திரும்பியதும் பட்டியலை அழித்தேன். மீதிக் கார்டுகளை அக்கா அடுப்பில் போட்டார். விஷயம் முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மோகனாவின் அம்மா ஒரு தட்டு வாழைப்பழமும் பூவும் வெற்றிலையுமாக எங்கள் வீட்டு வாசலில் நின்றார். "மோகனா இருக்காளா?"

"அப்படி யாரும் இங்க இல்லையே" என்றார் மில்லில் ஃபிட்டராக இருந்த என் அப்பா. பிறகு என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு நாற்காலி எடுத்துப் போட்டார்.

அந்த அம்மா வளவளக்கவில்லை. "எம் மவனுக்கு ஒன்னக் கேக்க வந்திருக்கேன் தாயி."

"வேண்டாம்மா" என்றேன்.

"ஏன், அவன்ட்ட என்ன குறை?"

"அவர்ட்ட ஒரு குறையும் இல்ல. எனக்குச் சமைக்கத் தெரியாது."

"அவன் சமைப்பான்."

"கோலம் போட வராது."

"அவன் போடுவான்."

"சேலை கூடச் சரியா கட்டத் தெரியாதும்மா."

"அவன் கட்டி விடுவான்" என்றார். "தங்கச்சிக்கு அன்னைக்கு அவன்தான் கட்டி விட்டான். கொசுவம் அம்புட்டு நேரா இருந்துச்சு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவனோட நல்லாப் பேசிப் பழகுதியா?" என்று கடைசியில் கேட்டார்.

"பழகுதேன்."

"சனிக்கிழமை சனிக்கிழமை அங்க நல்லா இருக்கானா?"

"சிரிச்சிக்கிட்டே இருப்பாரும்மா."

"அது போதும்" என்று எழுந்தார். தட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை. என் அம்மா அந்தப் பழங்களை மூன்று நாள் ஒரு வார்த்தை பேசாமல் தின்றார்.

எங்கள் வீட்டில் நான் சமைக்கவும் சேலை கட்டவும் தெரிந்த ஒரு தங்கமான பையனை வேண்டாம் என்று சொன்னவளாகிப்போனேன். கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கதை என் கணவர் வரைக்கும் போனது. நான் மறுத்ததில்லை. மறுக்க வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணம் என்னுடையது இல்லை.

இப்போது மோகனா மதுரையில் மோகனாவாகவே இருக்கிறாள். போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, என் கணவர் வழக்கம்போல, "கூமாப்பட்டி மாப்பிள்ளையக் கட்டியிருந்தா கொசுவமாவது நேரா இருந்திருக்கும்" என்றார். மோகனா என்னைப் பார்த்தாள். "சொல்லிரு" என்றாள். "எழுதவும் செய். ஊர் பேர மட்டும் மாத்திக்கோ." (மாற்றிவிட்டேன்.)

சொன்னேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப நம்ம கல்யாணத்தன்னைக்கு ஒனக்குச் சேலை கட்டி விட்டது?"

"நாந்தான் அண்ணே" என்றாள் மோகனா.

"சரிதான். கூமாப்பட்டிக்காரங்களே இவள நல்லா அலங்காரம் பண்ணி என் தலையில கட்டி விட்டுட்டீங்க."

மோகனா டீயை ஊதிக்கொண்டே, "கட்டி விட்டதத் திருப்பி எடுக்கிற பழக்கம் இல்ல அண்ணே" என்றாள்.