விழவில்லை, சரிந்தார்

உலகத்தில் விழுபவர்கள் இரண்டு வகை. விழுந்ததும் முட்டியைத் தடவிக்கொண்டு, எது தடுக்கியது என்று திரும்பிப் பார்ப்பவர்கள் ஒரு வகை. விழுந்த இடத்திலேயே மேடை போட்டு மைக் பிடிப்பவர்கள் இன்னொரு வகை. இவர்களுக்கு 'விழுந்தெழுந்தார்' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். வணக்கத்துக்கு முன்பே, "இது என்னோட நாலாவது கம்பெனி" என்பார். முந்தைய மூன்றும் மூடிய கதையை, பேரன் பேத்தி எடுத்த பெருமையோடு அவரே சொல்வார். அலுவலகச் சுவரெங்கும் 'தோல்வி ஒரு பாடம்' என்று ஒட்டியிருக்கும். பாடம் சரி. படித்தாரா?

நம் விழுந்தெழுந்தார் செய்தது ஒரு கைப்பட்டை. வயதானவர் விழுந்தால் பிள்ளையின் போனில் கூவும். அதைச் சோதிக்க அவர் நாற்காலியிலிருந்து மெத்தையில் தொப்பென்று விழுந்தார், மேசையிலிருந்து விழுந்தார், பட்டை தவறாமல் கூவ, ஊழியர்கள் கைதட்ட, அதையே படமெடுத்துக் கூட்டங்களில் காட்டிப் பூரித்தார். அடுத்த வாரம் ஒரு முதியோர் இல்லம் முழுவதற்கும் பட்டை போவதாக ஏற்பாடு. முதல் பட்டை சொந்த அப்பா கையில்.

"மாமா தும்மினாக்கூட கத்துதுங்க. இன்னொரு தடவை சரியாப் பாருங்க," என்றாள் மனைவி.

"முயற்சியைக் கைவிடச் சொல்றியா?"

"முயற்சிய விட வேணாம். பட்டையப் பாருங்கன்னுதான் சொல்றேன்."

எத்தனையோ விழுந்த மனிதர். இது மட்டும் அவர் காதில் விழவில்லை.

அதற்குள் ஒருநாள், விழுந்து எழுந்த கதையை மேடையில் முழங்கிவிட்டு வீடு திரும்பினால், குளியலறை வாசலில் அப்பா தரையில் கிடக்கிறார். அப்போதுதான் வேலையிலிருந்து வந்த மனைவி அவர் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பட்டை சமர்த்தாக வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

"எப்பப்பா விழுந்தீங்க?"

"எங்கடா விழுந்தேன்? சுவரைப் பிடிச்சுக்கிட்டே மெதுவா சரிஞ்சேன். காலைல இருந்து இங்கதான் கிடக்கேன்."

தொப்பென்று விழ வயதானவர்கள் என்ன மூட்டையா? பாதிப்பேர் சுவரையும் திரைச்சீலையையும் பிடித்தபடி சத்தமில்லாமல் சரிகிறார்கள். அவருடைய மூன்று கம்பெனிகளும் அப்படித்தான் சரிந்தன. அதையும் அவர் கவனிக்கவில்லை.

கண் கலங்க, போனை எடுத்தார். டாக்டருக்கு என்று நினைத்தீர்களா? "நண்பர்களே, இன்னிக்கு வாழ்க்கை எனக்கு ஒரு பாடம்..." என்று பதிவு செய்யத் தொடங்கினார்.

"முதல்ல என்னைத் தூக்குடா," என்றார் அப்பா. "பாடத்த அப்புறம் படி."

எலும்பு தப்பியது. கட்டிலில் சாய்ந்ததும் அப்பா கேட்டார்: "அந்த முதியோர் இல்லத்துக்கு என்ன சொல்லப்போற?"

"அப்பா, விடாமுயற்சின்னா..."

"விடாம முயற்சி பண்ணு, யாரு வேணாங்கறா? இப்ப பட்டை வராதுன்னு சொல்லிட்டு, அதை நீ மாட்டிக்கிட்டு அந்தச் சுவரோரமா சரிஞ்சு பாரு."

இல்லத்துக்குப் போன் போனது. விழுந்தெழுந்தார் சரிந்தார்.

"அவ்வளவு வேகமா இல்லடா. கால்ல உசிரே இல்லாத மாதிரி."

மறுபடி சரிந்தார். பட்டை பேசவில்லை. யாரும் கைதட்டவில்லை. எங்கே பிசகுகிறது என்று வாழ்க்கையில் முதல்முறையாகக் குனிந்து பார்த்தார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. நீங்களும் ஒரு தோல்விக் கதை வைத்திருப்பீர்கள்; நாலு பேர் கூடினால் எடுத்துவிடுவீர்கள். அந்தக் கதையில் தரையில் கிடந்தது நீங்கள்தானா, வேறு யாராவதா? வேறு யாராவது என்றால், பேச்சை நிறுத்திவிட்டுப் போய்த் தூக்குங்கள். கையைப் பிடித்து மட்டும் இழுக்காதீர்கள், தோள் கழன்றுவிடும்.